இரண்டாவது அணியின் பெயர்

நான் இங்கிலாந்துக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் அங்கே ஒரு சின்ன வீட்டில், மழை பெய்யும் சனிக்கிழமைப் பின்னேரத்தில், தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். உருளைக்கிழங்குப் பொரியல் பக்கெற்றுக்குள் நீலக் கடதாசியில் முறுக்கி வைத்த உப்பை விரலால் துழாவி எடுப்பது தெரியும். ஐஸ்கிறீம் வான் தெருமுனையில் திரும்பும்போது அதன் பாட்டு எப்படி இழுபடும் என்பதும் தெரியும். இவை என்னுடைய ஞாபகங்கள் இல்லை. சூரிச்சுக்குப் பக்கத்தில், சூக் என்ற ஊரில், ஒரு ஹோட்டல் குசினியில் என்னோடு வேலை செய்த ஒருவருடையவை. அவர் இப்போது இங்கே இல்லை. தாயாருக்கு இயலாமல் போனபோது மனைவியோடு திரும்பிப் போய்விட்டார். ஞாபகங்களை என்னிடம் விட்டுப் போனார் என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் அவரை இங்கிலீசு அண்ணை என்று கூப்பிடுவோம். வெள்ளைக்காரர் இல்லை. தாயும் தகப்பனும் யாழ்ப்பாணம். இவர் பிறந்ததும் வளர்ந்ததும் வட இங்கிலாந்தில், துணி ஆலைகள் இருந்த ஒரு ஊரில். கலியாணம் முடித்தது இங்கே இருந்த எங்கள் ஆட்களில் ஒரு பெண்ணை. அவர் இங்கு வந்த கதை அவ்வளவுதான். மற்றவர்களைப் போல அவருக்கு முகாம் கதை, விசாரணைக் கதை எதுவும் கிடையாது.

அவருடைய தமிழ் எங்களுக்கு ஒரு புதினம். தாய் தகப்பன் எந்தக் காலத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்டார்களோ, அந்தக் காலத்துத் தமிழ் அப்படியே அவரிடம் நின்றுவிட்டது. சூரிச்சுக்குப் போகும் ரயிலைக் கோச்சி என்பார். என்னை விட மூத்தவர், ஆனாலும் என்னை நீர் என்றுதான் சொல்வார். தமிழ் எழுத்து ஒன்றும் வாசிக்கத் தெரியாது. எனக்கோ ஐந்தாம் வகுப்புத் தமிழைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. கோவில் நோட்டீசை நான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். வேலையிடத்துக் கடதாசியில் இங்கிலீசு இருந்தால் அவர் எனக்கு வாசிப்பார். இந்த நாட்டு மொழியான டொச் என்றால் இரண்டு பேரும் யோகனைத் தேடுவோம். யோகன் ஆராவ் என்ற ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவன். அடுப்படியில் நிற்பவன். வாய் கொஞ்சம் கூட.

இங்கிலீசு அண்ணை சலாட் வெட்டுவார். நான் பக்கத்தில் பாத்திரம் கழுவுவேன். அங்கேதான் அவருடைய சின்ன வயது முழுவதும் எனக்குக் கிடைத்தது. மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேசாமல் இருப்பார். மெசின் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அந்தக் காலத்தில் அங்கே பகல் வேளைகளில் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி இருக்காதாம். ஒரு படம் மட்டும் அசையாமல் நிற்குமாம். ஒரு சிறுமி, பக்கத்தில் ஒரு துணிப்பொம்மை. காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாத நாட்களில் அந்தச் சிறுமியோடுதான் கதைத்துக்கொண்டு கிடப்பாராம்.

"அவள் ஒருக்காலும் பதில் சொல்லேல்லை தம்பி," என்பார். "ஆனா நல்லாக் கேட்டவள்."

சனிக்கிழமை பின்னேரம் மல்யுத்தம். முகமூடி போட்ட தடியன்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுவார்கள். அவருடைய தாயார் வெள்ளிக்கிழமை விரதக்காரி, தெருவில் யாரோடும் சத்தமாகக் கதைக்காதவர். அந்த நேரத்தில் மட்டும் சோபா நுனிக்கு வந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "விடாதை, கழுத்தைப் பிடி, கழுத்தைப் பிடி" என்று தமிழில் கத்துவாராம். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருநாள் சண்டையென்று நினைத்துக் கதவைத் தட்டியிருக்கிறாள். பிறகு அவளும் வந்து இருந்து இங்கிலீசில் கத்தத் தொடங்கிவிட்டாள்.

மல்யுத்தம் முடிந்த பிறகு வருவதுதான் முக்கியம். அன்று நாடு முழுவதும் நடந்த உதைபந்தாட்டங்களின் முடிவுகளை ஒருவர் வாசிப்பார். தகப்பன் எந்தெந்த ஆட்டம் சமமாக முடியும் என்று குறித்துப் பந்தயம் கட்டியிருப்பார். அந்த நேரம் வீட்டில் யாரும் இருமக்கூடாது. முதலாவது அணியின் பெயர், அதன் கோல். அதற்குப் பிறகு இரண்டாவது அணியின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே வாசிக்கிறவரின் குரல் காட்டிக்கொடுத்துவிடுமாம். குரல் ஏறினால் இரண்டாவது அணி வென்றுவிட்டது. இறங்கினால் தோற்றுவிட்டது. ஏறாமல் இறங்காமல் போனால் சமம். இலக்கம் அதற்குப் பிறகுதான் வரும். எண்ணத் தெரியாத வயதிலேயே இவருக்கு அது பிடிபட்டுவிட்டது. பெயர் வந்தவுடன், இலக்கம் வருவதற்கு முன், இவர் சொல்வார். தகப்பன் இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு பென்சிலோடு இருப்பார்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று அவர் எனக்கு அதை வாசித்துக் காட்டுவார். இங்கிலீசில், மூக்கால், அந்த மனிதரைப் போலவே. ஊர்ப் பெயர்கள் ஒன்றும் எனக்குப் பிடிபடாது. இரண்டாவது பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்.

"இப்ப சொல்லும், ஆர் வெண்டது?"

"ரெண்டாவது ஆக்கள்."

"பாத்தீரோ. மொழி தேவையில்லை."

நான் பிழையாகச் சொன்னதே இல்லை. எனக்கு அதில் ஒரு சந்தோசம் இருந்தது. யாராவது என்னிடம் கேள்வி கேட்டு நான் சரியாகப் பதில் சொல்லிக் கன காலம் ஆகியிருந்தது.

அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. யார் கதைத்தாலும் அவர் சொல்லைக் கேட்கமாட்டார், குரலைக் கேட்பார். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே ரேடியோவில் அந்த வாரத்தில் அதிகம் விற்ற பாட்டுகள் போகுமாம். அவருடைய அக்கா இரண்டு விரலையும் ரேப் ரெக்கோடர் பொத்தானில் வைத்துக்கொண்டு, அறிவிப்பாளர் வாய் திறப்பதற்கு முன் பாட்டை வெட்டி எடுப்பாளாம். அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகள் எல்லோரும் செய்த வேலைதான். இவர் மட்டும் அக்காவின் கசெட்டை எடுத்து, பாட்டுகளை விட்டுவிட்டு, இடையில் அறிவிப்பாளர் கதைப்பதைப் பதிந்து வைத்தார். அக்கா ஒரு கிழமை இவரோடு கதைக்கவில்லை.

யோகனுக்கு இந்தக் கதைகளைக் கிண்டலடிக்காமல் இருக்க முடியாது.

"அண்ணை, நாங்கள் ஒளிச்சுப் பதுங்கி, காட்டுக்குள்ளால நடந்து இந்த நாட்டுக்கு வந்தம். நீங்கள் நல்ல பாஸ்போட்டைக் காட்டிப்போட்டு வந்து எங்களோட நிண்டு வெங்காயம் உரிக்கிறியள். அங்கை என்ன குறை உங்களுக்கு?"

"குறை ஒண்டுமில்லை. மனிசி இஞ்சை."

"உங்கடை கதையில ஒரு ஆமிக்காரன்கூட வாறானில்லையே."

அண்ணை கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்தார் போலும். யோகன் சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "அதுதான் நல்லாயிருக்கு. விடாமல் சொல்லுங்கோ."

உண்மை அதுதான். எங்களுடைய சின்ன வயதுகளை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. எங்கே தொடங்கினாலும் கடைசியில் போய் நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய கதை அப்படி இல்லை. அதில் ஆகக் கூடிய துன்பம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் ஊற்றும் ரோசாநிறக் கஸ்ரட்தான்.

எங்கள் செஃப் எதையாவது அறிவிக்க வந்தால், "அல்சோ", அதாவது 'சரி, அப்ப', என்று தொடங்குவார். எல்லா முதலாளிகளும் இங்கே அப்படித்தான் தொடங்குவார்கள். அந்த ஒரு சொல்லிலேயே அண்ணை முடிவைச் சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கும் எனக்கு மட்டும் கேட்கும்படி, "சைபர், ரெண்டு" என்பார்.

"எங்களுக்கோ அவைக்கோ?"

"அவைக்கு."

செஃப் கதைத்து முடிக்கும்போது எங்களுடைய ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும்.

அந்த செஃப் போய், வாலிஸ் மலைப்பக்கத்து மனிதர் ஒருவர் வந்தார். அவருடைய பேச்சு எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று சூக்கில் பிறந்தவர்களுக்கே விளங்காது. அண்ணை தடுமாறிப் போனார். தோல்வி என்று சொன்ன அன்று எல்லோருக்கும் கேக் வந்தது. வெற்றி என்று சொன்ன அன்று யோகனுக்கு ஏச்சு விழுந்தது.

"அண்ணை, உங்கடை ரேடியோவுக்கு அன்ரனாவைத் திருப்புங்கோ," என்றான் யோகன்.

"உவர் கதைக்கிறது மலை ஏறுற மாதிரிக் கிடக்கு," என்றார் அண்ணை. "மூச்சு வாங்குது கேக்க."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் போல அவர் முடிவே சொல்லவில்லை. அதில் அவருக்கு என்ன அவ்வளவு கவலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது அட்லிஸ்வில் முருகன் கோவிலில். ஏதோ ஒரு பூசை முடிந்து அன்னதானத்துக்கு இருந்தோம். என் மனைவி வதனியும் வந்திருந்தாள். அண்ணையின் மனைவி கலகலப்பான மனிசி. சோற்றைக் குழைத்துக்கொண்டே வதனிக்குச் சொன்னார்: "இவரின்ரை கெட்டித்தனத்தால ஒருநாள் என்ரை மாமி தாலியைக் கழட்டப் பாத்தவ, தெரியுமோ?"

கதை இதுதான். அண்ணைக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். தகப்பன் வேலையிடத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில். தாய்க்கு இங்கிலீசு மட்டுமட்டு. மகன்தான் எல்லா இடத்திலும் கூடப்போய் மொழிபெயர்ப்பது. விறாந்தையில் காத்துக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து ஒரு நேர்ஸ் வந்து கதைக்கத் தொடங்கினாள். அவள் தொடங்கிய குரலைக் கேட்டவுடன் இவர் தாயிடம் திரும்பி, "அப்பா செத்துப் போனார்" என்று சொல்லிவிட்டார். தாய் அங்கேயே நிலத்தில் குந்திப் பொட்டை அழித்து, தாலியிலும் கையை வைத்துவிட்டார். நேர்ஸ் பயந்துபோய், ஓடிப்போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாளாம். பிறகு பார்த்தால் மனிதர் உள்ளே தண்ணீர் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

"மாமா அதுக்குப் பிறகு கன காலம் இருந்தவர்," என்று முடித்தார் அண்ணையின் மனைவி. "ஆரும் வீட்டுக்கு வந்தா இவரைக் காட்டி, என்னைச் சாக்காட்டினவன் இவன்தான் எண்டு சொல்லுவார்."

வதனி சோற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அண்ணை பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேசனுக்கு நடக்கும்போது பெண்கள் முன்னால் போனார்கள். நாங்கள் பின்னால். நானாக எதையும் கேட்கிறவன் இல்லை. அவராகத்தான் தொடங்கினார்.

"அந்த நேர்ஸ் களைச்சுப் போயிருந்தவ, தம்பி. நாள் முழுக்க நிண்டு வேலை செய்திருப்பா. அதுதான் குரல் அப்பிடி இறங்கினது. வேறை ஒண்டுமில்லை."

தெருவைக் கடந்ததும் அவரே தொடர்ந்தார்.

"அவ சொன்ன வசனத்தில அப்பா உயிரோட இருந்தவர். வசனத்தின்ரை கடைசியில இருந்தவர். நான் அதுவரைக்கும் நிக்கேல்லை."

"நீங்கள் சின்னப் பிள்ளை அண்ணை."

"ஓம், சின்னப் பிள்ளைதான்," என்றார். "ஆனா அம்மா பேந்து ஒருக்காலும் என்னை நம்பி ஒரு கதை கேக்கேல்லை. அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போவா."

கோச்சி வருகிறது என்றார். ஓடினோம்.

இது நடந்து ஒரு வருடத்துக்குள் வதனியின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி போட்டுச் சதையில் கொஞ்சம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவைத் தொலைபேசியில் சொல்வதாகச் சொன்ன டொக்டர் ஒரு பெண். நல்ல மனிசி, ஆனால் அவர் கதைக்கும் டொச் எனக்குப் பாதிதான் பிடிபடும். வதனிக்கும் அப்படித்தான். அதோடு வதனி, தன்னால் அதைக் காதால் கேட்க முடியாது, டொக்டர் எனக்கே போன் செய்யட்டும் என்றுவிட்டாள். டொக்டருக்கு இங்கிலீசு நன்றாக வரும். அதனால் என்னோடு வேலை செய்யும் ஒருவர் கேட்டுச் சொல்வார் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தோம். அண்ணையிடம் நான் கேட்டபோது அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை.

"யோகன் நல்லா டொச் கதைப்பான்," என்றார்.

"யோகனுக்குச் சொன்னா ஆராவ் முழுக்கத் தெரியும்."

அவர் கையிலிருந்த தக்காளியை வெட்டி முடித்தார். "சரி," என்றார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து குசினி ஓய்ந்திருந்த நேரம் போன் அடித்தது. சாமான் இறக்கும் பின்பக்கத்துக்கு இரண்டு பேரும் போனோம். அவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். நான் ஒரு வெறும் பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தேன்.

டொக்டரின் குரல் எனக்கும் கேட்டது. சொல் விளங்கவில்லை. ஆனால் குரல் இனிமையாக இருந்தது, மேலே போனது. வெற்றிதான் என்று எடுத்துக்கொண்டேன். தொட்டிக்கு முன்னால் அத்தனை நாள் விளையாடிய விளையாட்டு, எனக்குத் தவறாது. நான் அண்ணையைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி, பொறு என்று காட்டிவிட்டு, என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். முகத்தை நான் பார்க்கக்கூடாது என்றுதான் திரும்பினார். டொக்டர் கதைத்தார். இவர் ஏதோ கேட்டார். டொக்டர் திரும்பச் சொன்னார். இவர் இன்னொரு முறை, ஒவ்வொரு சொல்லாக, டொக்டர் சொன்னதைத் தானே சொல்லிச் சரிபார்த்தார். எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல செய்தியை இவ்வளவு நேரம் யாராவது கேட்பார்களா என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

போனை வைத்துவிட்டு வந்து, எனக்கு முன்னால் குந்தி இருந்தார். அவருக்கு முழங்கால் வருத்தம், குந்துகிறவர் இல்லை.

"முழுக்கச் சொல்லுவன். இடையில எழும்பாதையும்," என்றார். "கான்சர்தானாம். சின்னனாம். வேறை இடத்துக்குப் போனதாத் தெரியேல்லையாம். ஆனா வெட்டேக்குள்ள கமக்கட்டுக்குள்ளயும் பாத்துத்தான் சரியாச் சொல்லுவினமாம். மார்பு முழுக்க எடுக்கத் தேவையில்லையாம். பேந்து கறண்ட் பிடிக்கவேணுமாம், கதிர் அடிக்கிறது. மருந்து ஏத்திறதோ இல்லையோ எண்டது இப்ப தெரியாதாம். இந்த மாதிரிக் கட்டி வந்த கனபேர் சுகமாகி இருக்கினமாம். இதைச் சொல்லேக்குள்ள டொக்டர் ரெண்டுதரம் சொன்னவ."

நான் வேறு ஒன்றும் கேட்கத் தெரியாமல் கேட்டேன்: "அண்ணை, அப்ப இது வெற்றியோ தோல்வியோ?"

"அப்பிடிக் கேக்காதையும்."

"உங்களுக்குக் குரலில தெரிஞ்சிருக்குமே."

"குரல் நல்லாத்தான் இருந்தது. நல்ல மனிசி அவ. எல்லாருக்கும் அப்பிடித்தான் கதைப்பா." என் முழங்காலில் கையை வைத்தார். "நான் குரலைக் கேக்கேல்லை தம்பி. சொல்லைத்தான் கேட்டனான். சொன்ன சொல் எல்லாம் உம்மட்டைத் தந்திட்டன். ஒண்டையும் வைச்சுக்கொள்ளேல்லை."

வீட்டுக்கு வந்து வதனிக்குச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டேன். என்னால் அவ்வளவு கதைக்க முடியாது, எனக்கு நாக்கு எழாது என்றேன். அவர் மாட்டேன் என்றார். முன்பு ஒருபோதும் எனக்கு மாட்டேன் என்று சொன்னதில்லை.

"அவவுக்கு நீர்தான் சொல்லவேணும். போய் இருத்திப்போட்டுச் சொல்லும். நான் சொன்ன மாதிரியே சொல்லும், கூட்டாமல் குறைக்காமல்."

ரயிலில் நான் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன், பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடமாக்கியதைப் போல. கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் "வதனி" என்றேன். அந்தக் குரல் எப்படி வந்ததோ, அவள் கையிலிருந்த துவாயை அப்படியே கீழே போட்டுவிட்டு அறைக்குள் போகத் திரும்பினாள். நான் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து நான் அவளை அப்படிப் பிடித்ததில்லை.

"இரு," என்றேன். "கன விசயம் இருக்கு. எல்லாத்தையும் கேள்."

மேசையில் எதிர் எதிராக இருந்தோம். கான்சர் என்ற சொல்லில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நிற்கவில்லை. சின்னன் என்றேன், போகவில்லை என்றேன், கமக்கட்டைப் பற்றிச் சொன்னேன், கறண்டைப் பற்றிச் சொன்னேன், மருந்து ஏற்றுவது தெரியாது என்பதையும் சொன்னேன். சுகமாகியவர்களைப் பற்றி டொக்டர் சொன்னதைப் போலவே இரண்டு தரம் சொன்னேன். வதனி இப்போதும் யாருக்காவது என்னைக் காட்டிக்கொடுப்பதென்றால், "இந்த மனிசன் வாழ்க்கையில அண்டைக்குத்தான் இவ்வளவு கதைச்சது" என்பாள்.

முடிந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். அழவில்லை. மேசைவிரிப்பின் ஓரத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுந்தானோ? ஒண்டையும் ஒளிக்கேல்லையே?"

"இவ்வளவுந்தான்."

"திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ," என்றாள்.

நான் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.